ஒரே தாயின் பிள்ளைகள்: டிக் கோளாறுகளில் கர்ப்பகால, பேறுகாலச் சிக்கல்களின் பங்கு

ஓயாமல் கண் சிமிட்டும், தோள் குலுக்கும், தொண்டை செருமும் ‘டிக்’ உள்ள குழந்தையை அழைத்துவரும் தாயிடம் மருத்துவர் பிரசவத்தைப் பற்றி விசாரிப்பது வழக்கம். மாதம் நிறைந்து பிறந்ததா, எடை எவ்வளவு, பிறந்ததும் அழுததா, ஆயுதம் போட்டு எடுத்தார்களா? மருத்துவருக்கு இது நோய்வரலாற்றுப் படிவத்தின் ஒரு பகுதி. தாய்க்கோ குற்றவிசாரணை. இந்தக் கேள்விகளுக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. ஆனால் பலரும் தேடும் இடத்தில் அது இல்லை. கர்ப்பகாலத்தின்மீது சுமத்தப்பட்ட பல காரணிகளில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்ட பிறகும் நிலைப்பவை சிலவே. அவற்றிலும் தாயின் பழக்கவழக்கத்துக்கு இடம் குறைவு. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1885இல் ஒன்பது நோயாளிகளை விவரித்துக் கட்டுரை எழுதிய பாரிஸ் மருத்துவர் கில் த லா டூரெட், பின்னர் டூரெட் என்று தன் பெயராலேயே அழைக்கப்பட்ட இந்த டிக் நோயைப் பரம்பரை நோய் என்றே கருதினார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உளப்பகுப்பாய்வு அந்தக் கருத்தை ஓரங்கட்டியது. 1921இல் ஃபெரன்ட்சி, டிக் அசைவுகளுக்கு அடக்கப்பட்ட பாலுணர்வில் வேர் தேடினார். இந்தப் பின்னணியில் வைத்தால்தான் பசமனிக், கவி இருவரும் 1956இல் வெளியிட்ட ஆய்வின் துணிச்சல் விளங்கும். டிக் உள்ள குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பகாலச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன என்று அவர்கள் காட்டினார்கள். மனத்தில் தேடப்பட்ட காரணம் உடலுக்கு இறங்கியது. பழி மட்டும் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. வளர்த்த விதத்திலிருந்து சுமந்த விதத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. 1990இல் லெக்மன் குழுவினர், கர்ப்பகாலத்தில் தாய்க்கு நேர்ந்த மன அழுத்தத்தையும் முதல் மூன்று மாதங்களின் கடுமையான மசக்கையையும் டிக்கின் தீவிரத்தோடு தொடர்புபடுத்தினர். இவ்வகை ஆய்வுகளின் பலவீனம் தெரிந்ததே. பத்தாண்டுக்கு முந்தைய வாந்தியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? குழந்தைக்கு ஏதோ குறை என்று அறிந்த தாய் தன் கர்ப்பத்தைத் துருவித் துருவி நினைவுகூர்வாள். குறையில்லாத பிள்ளையின் தாய்க்கு அந்தத் தேவையே எழாது.

நினைவின் துணை வேண்டாத சான்று இரட்டையரிடமிருந்து வந்தது. 1985இல் பிரைஸ் குழுவினர் ஆராய்ந்த 43 இணைகளில், ஒருகரு இரட்டையருள் இருவருக்குமே டூரெட் இருந்தது 53 விழுக்காட்டில். இருகரு இரட்டையரில் 8 விழுக்காட்டில். மரபணுவின் வலு இதில் தெளிவு. ஆனால் மரபணு முழுவதும் ஒன்றாயிருந்தும் ஏறத்தாழ பாதி இணைகளில் ஒருவருக்கு வந்தது மற்றவருக்கு வரவில்லை. 1992இல் ஹைடு குழுவினர் ஒருகரு இரட்டையரின் பிறப்பு எடைகளைப் பார்த்தபோது, எடை குறைந்து பிறந்தவருக்கே டிக் கடுமையாக இருக்கும் போக்கு தென்பட்டது. தாய் ஒருத்தி, கர்ப்பம் ஒன்று, அவள் உண்டதும் பட்டதும் இருவருக்கும் பொது. வேறுபட்டது அந்தந்தக் கருவுக்குக் கிடைத்த ஊட்டமும் இடமுமே. என் கணிப்பில், இத்துறையின் பழைய சான்றுகளில் இன்றும் மதிப்புக் குறையாதது இதுதான்.

புகைப்பழக்கத்தின் கதை வேறு. டென்மார்க்கின் தேசியப் பிறப்புத் தொகுதியில் 73,073 கர்ப்பங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரை, அதிகம் புகைத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு டூரெட் அல்லது நாள்பட்ட டிக் வரும் ஆபத்து 66 விழுக்காடு கூடுதல் என்றது. தகவல் கர்ப்பத்தின்போதே திரட்டப்பட்டது. எனவே நினைவுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறுக்கான மரபுச் சாய்வு உள்ளவர்கள் புகைக்கும் வாய்ப்பும் அதிகம். டூரெட் உள்ள பிள்ளைகளில் பெரும்பகுதியினருக்கு அதே கோளாறு சேர்ந்தே இருக்கிறது. பிள்ளையைப் பாதித்தது புகையா, புகைக்கத் தூண்டிய அதே மரபா?

இதைப் பிரித்தறியும் வழியை பிராண்டர் குழுவினர் 2018இல் கையாண்டார்கள். 1973 முதல் 2003 வரை சுவீடனில் ஒற்றைக் கர்ப்பத்தில் பிறந்த 30,26,861 பேரில் டூரெட் அல்லது நாள்பட்ட டிக் கண்டறியப்பட்டவர்கள் 5,597. ஒரே தாயின் ஒரு பிள்ளைக்குச் சிக்கல் நேர்ந்து மற்றதற்கு நேராத குடும்பங்களுக்குள்ளேயே ஒப்பீடு நடந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடியது. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டதும் அந்தத் தொடர்பு வலுவிழந்தது. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளை நீக்கியபோதும் அவ்வாறே. கருவின் வளர்ச்சிக் குறைவு, குறைப்பிரசவம், தலை மேலிருக்கும் பிறப்புநிலை, சிசேரியன் ஆகிய நான்கும் சோதனையைத் தாண்டின. கர்ப்பத்தில் புகைப்பதற்கு இதை யாரும் அனுமதிச் சீட்டாகக் கொள்ள வேண்டாம். எடை குறைவதற்குப் புகையே ஒரு காரணம், மற்றக் கேடுகள் தனி.

அந்த நான்கையும் ஒரே தட்டில் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. கரு தலைகீழாகத் திரும்புவதற்கு அதன் அசைவும் தசைவலுவும் வேண்டும். திரும்பாமல் நிற்பது நரம்பு வளர்ச்சியில் முன்பே ஏற்பட்டுவிட்ட ஏதோ ஒரு மாறுதலின் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் சிசேரியனில் எடுக்கப்படுகிறார்கள் என்பதால் அந்த அறுவையும் விளைவின் வரிசையில் சேரக்கூடும். உடன்பிறந்தோர் ஒப்பீடு குடும்பத்துக்குப் பொதுவானதைக் கழிக்கும். அந்தக் கருவுக்கு மட்டுமே உரியதைக் கழிக்காது. ஆகவே வளர்ச்சிக் குறைவையும் குறைப்பிரசவத்தையும் காரணிகளாகவும், மற்ற இரண்டையும் அடையாளங்களாகவும் கொள்வதே பொருத்தம்.

உடலியலும் இந்தப் பக்கமே சாய்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இலும் 2010இலும், டூரெட் இருந்தவர்களின் இறப்புக்குப் பிந்தைய மூளைத் திசுவை ஆராய்ந்தார்கள். அடித்தள நரம்பணுத்திரளின் கோடுடைப் பகுதியில், மற்ற நரம்பணுக்களை அடக்கி ஆளும் இடைநரம்பணுக்கள் குறைந்திருந்தன. இவை கருக்காலத்தில் வேறோர் இடத்தில் தோன்றி நகர்ந்துவந்து அமைபவை. ஆக்சிஜன் குறைவால் எளிதில் சேதமடையும் பகுதிகளில் அடித்தள நரம்பணுத்திரளும் ஒன்று. நச்சுக்கொடியின் வழங்கல் குன்றுவதற்கும் பிற்கால டிக்குக்கும் இடையே ஒரு பாதை இங்கே சாத்தியமாகிறது. ஆராயப்பட்ட மூளைகள் மிகச் சிலவே என்பதால் அதை நிறுவப்பட்டதாக எழுத முடியாது.

இனி அளவு. சுவீடன் ஆய்வில் ஒரு சிக்கல் மட்டும் இருந்தால் ஆபத்து விகிதம் 1.41, ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் 2.42. கேட்க அச்சமூட்டும் எண்கள். ஆனால் அந்த மக்கள்தொகையில் நோய் கண்டறியப்பட்டவர்களே ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. பதிவேட்டில் ஏறுபவை பெரும்பாலும் கடுமையானவை என்பது உண்மைதான். இருந்தாலும் அந்தக் கணக்கின்படி, ஐந்து சிக்கல்களைத் தாண்டிப் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 995 பேருக்கு இந்த நோய் பதிவாகாது.

இதன் எதிரில் குடும்ப வரலாற்றை வைத்துப் பார்க்கலாம். சுவீடனிலேயே 2015இல் வெளியான மட்டாய்க்ஸ்-கோல்ஸ் குழுவின் ஆய்வில், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 18 மடங்குக்கு மேல். மரபுவழிப் பங்கு 77 விழுக்காடு. படிவத்தில் பிரசவத்துக்கு ஒரு பக்கமும் குடும்பத்துக்கு ஒரு வரியும் ஒதுக்குவது இந்த எண்களுக்குப் பொருந்தாது. தாயிடம் பிறப்பு எடையையும் பிறந்த வாரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு முன், உடன் வந்திருக்கும் தகப்பனிடம் சிறுவயதில் அவருக்குக் கண் சிமிட்டும் பழக்கம் இருந்ததா என்று கேட்க வேண்டும்.