7053

7053 என்ற எண்ணோடு ரோசா பார்க்ஸ் நிற்கும் படம் பேருந்தில் கைதான அன்று எடுத்ததல்ல. அலபாமாவின் மாண்ட்கோமரியில் 1955 டிசம்பர் 1 அன்று அவரைக் கைது செய்தது நகரக் காவல்துறை. படமோ, பேருந்துப் புறக்கணிப்புக்காக 1956 பிப்ரவரியில் கைதானபோது கவுண்டி ஷெரிப் அலுவலகம் எடுத்தது. கைதுப் பதிவு கேட்டு விண்ணப்பிக்கும் மாணவிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: கைது செய்தது நகரமா, கவுண்டியா, எந்தத் தேதியில்? நீதிமன்றக் கட்டுகளையும் விடாதீர்கள். அந்த டிசம்பர் அறிக்கை பிரவுடர் வழக்கின் சான்றாவணமாகத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அதே வழக்கின் வாதிகளில் ஒருவர் கிளாடெட் கோல்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே இருக்கையை விட மறுத்துக் கைதானவர். அப்போது வயது 15. 2021இல், 82 வயதில், தன் சிறார் வழக்குப் பதிவை அழிக்கக் கோரி அவரே மனுப் போட்டார். நீதிபதி ஆணையிட்டார். ஆவணம் தேடியே பழகிய எனக்கு முதலில் எழுந்தது, வெட்கம்தான், ‘ஐயோ, போயிற்றே’ என்ற பதற்றம்.