'கூலி இட்ச்': ஒரு நோய்ப் பெயரின் வரலாறு

தோலில் உண்டாகும் அரிப்பை ஆங்கிலர் 'இட்ச்' என்பர். பழைய ஆங்கிலத்தில் 'யிச்சே' என ஒலித்த இச்சொல்லுக்கு ஜெர்மானிய மொழியின் 'யூக்கன்' இனமாகும். இத்தொன்மைச் சொல்லோடு தமிழர் நன்கறிந்த சொல்லொன்று கூடிக் 'கூலி இட்ச்' என்னும் நோய்ப் பெயர் பிறந்தது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் வேலை செய்வோரின் பாதங்களிலும் விரலிடுக்குகளிலும் தோன்றும் அரிப்பே அது. மண் அரிப்பு எனப் பொருள்படும் 'கிரவுண்ட் இட்ச்' என்பதும் அதன் பெயரே.

தமிழிற் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்திலோ அது உழைப்பாளியையே குறிக்கும். குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரே அதற்கு மூலம் என்பாரும் உளர். இரண்டும் கலந்தன என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழில் ஊதியத்தைச் சுட்டிய சொல் ஆங்கிலத்தில் ஆளுக்காகி, ஈற்றில் அவன் நோய்க்கும் அடையாயிற்று.

இவ்வரிப்பின் காரணம் யாது? கெய்ரோவில் ஆய்வு நடத்திய ஆர்தர் லூஸ் என்பாரின் கைமீது கொளுக்கிப்புழுவின் இளம்புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அவ்விடம் அரித்தது, பின்னர் அவர் மலத்திலேயே அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. புழு தோலைத் துளைத்து உட்புகும் என்பதை அவர் 1898இல் வெளியிட்டார். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 'பானிகாவ்' எனப்பட்ட கால் அரிப்புக்கும் மண்ணிலுள்ள அவ்விளம்புழுக்களே காரணம் என 1902இல் பென்ட்லி என்னும் மருத்துவர் எழுதினார்.

கண்டிச் சீமைக்கும் இவ்வுண்மை பொருந்துவதாயிற்று. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதன்பின் மலைநாடெங்கும் அப்பயிர் பரவியது. மழையும் நிழலும் ஈரமும் தேயிலைக்கு உகந்தவாறே புழுவுக்கும் உகந்தன. மலகூடமற்ற லயங்களைச் சூழ்ந்த மண்ணில் முட்டைகள் பொரித்தன. செருப்பணியாத கால்கள் அவற்றுக்கு வாயிலாயின. குடலை அடைந்த புழு குருதியை உறிஞ்ச, உழைப்பாளி வெளிறிச் சோர்ந்தான். நோயின் சோர்வு சோம்பலெனப் பழிக்கப்படுவதும் உண்டாயிற்று.

1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளைப் பகுதியிற் கொளுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றும். மண் தூய்மையடையாவிடின் அது மீண்டும் புகும். ஆதலின் மருந்தோடு மலகூடமும் இன்றியமையாததாயிற்று.

ஆகவே, 'கிரவுண்ட் இட்ச்' என்னும் பெயர் நோயின் பிறப்பிடத்தைச் சுட்டுகின்றது. 'கூலி இட்ச்' என்பதோ நோயுற்றவனையே நோய்க்கு உரியவனாக்குகின்றது. புழு சாதியறியாது, தொழிலுமறியாது. லூஸின் கையே அதற்குச் சான்று. பிழை உழைத்தவன் காலில் அன்று. அக்கால் மிதிக்க நேர்ந்த மண்ணிலேயே இருந்தது.