நடுக்கமும் குலைந்த உறக்கமும்: மூளைப் படத்திடம் என்ன கேட்பது?

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு நோயாளிகளை முன்வைத்து எழுதிய நூலிலேயே தூக்கம் கெடுவது பதிவாகியிருக்கிறது. நடுக்கம் உறக்கத்திலும் தொடர்ந்து, வலுத்து, நோயாளியை எழுப்பிவிடுகிறது என்று அவர் எழுதினார். நடுக்கம் காரணம், தூக்கக்கேடு விளைவு என்ற அந்த எண்ணம் இன்றும் புறநோயாளிப் பிரிவுகளில் உயிரோடு இருக்கிறது. கை நடுக்கத்துக்கு மாத்திரை எழுதிவிட்டால் தூக்கமும் சரியாகிவிடும் என்று நோயாளியும் நம்புகிறார், சில நேரம் மருத்துவரும் நம்புகிறார். ஆனால், பார்க்கின்சன் நோயின் நடுக்கமும், அந்நோய் இல்லாமலே கை நடுங்கும் எசென்ஷியல் ட்ரெமரும் ஆழ்ந்த உறக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுபவை. எனவே தூக்கத்தைக் கெடுப்பது எது என்பதைத் தனிக் கேள்வியாகவே எழுப்ப வேண்டும். மூளைப் படம் அதற்கு ஓரளவு விடை தருகிறது. கேள்வி தெளிவாக இல்லாதபோது அதே படம் நம்மைத் தவறான திசையில் இழுத்துச் சென்றுவிடுகிறது.

தெளிவான விடை கிடைத்திருப்பது கனவுறக்க நடத்தைக் கோளாறில். கனவு காணும் கட்டத்தில் உடலின் தசைகள் தளர்ந்து கிடக்க வேண்டும். மிஷேல் ஜுவே 1965-இல் பூனைகளின் மூளைத்தண்டில், லோகஸ் செருலியஸ் என்னும் சிறு கருவுக்கு அருகே, காயம் ஏற்படுத்தியபோது அந்தத் தளர்ச்சி நீங்கியது. உறங்கும் பூனைகள் எழுந்து இரையைத் தாக்குவதுபோல் நடந்துகொண்டன. மனிதரில் இதே கோளாறை ஷென்க், மஹோவால்ட் குழுவினர் 1986-இல் விவரித்தார்கள். நம் ஊர்ப்பக்கம் ஒரு மனைவி இதைச் சொல்வதானால், “ராத்திரி தூக்கத்துல கத்தறாருங்க, யாரையோ அடிக்கற மாதிரி கையை வீசறாருங்க” என்பார். கணவருக்கோ காலையில் எதுவும் நினைவிருக்காது.

இது அசட்டை செய்யத்தக்க தொல்லையன்று. 24 மையங்களில் 1,280 பேரைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், இக்கோளாறு உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 6.3 விழுக்காட்டினர் பார்க்கின்சன் நோய்க்கோ அதையொத்த மூளைச் சிதைவுக்கோ ஆளானது தெரிந்தது. இரவுக் கூச்சல் பல வேளைகளில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. நியூரோமெலனின் நிறமியைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறையில் 2013-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டதும் இதோடு பொருந்துகிறது: பார்க்கின்சன் நோயாளிகளில் லோகஸ் செருலியஸ் பகுதியின் ஒளிர்வு குறைந்திருந்தது, கனவுறக்கக் கோளாறும் சேர்ந்தவர்களில் அது மேலும் மங்கியிருந்தது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த இடத்தைக் குறிவைத்து எடுத்த படம் என்பதால்தான் அது பேசியது.

எசென்ஷியல் ட்ரெமரில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் பிரமோத் குமார் பால் குழுவினர் இந்நோயாளிகளின் சிறுமூளைக் காம்புகள் சுருங்கியிருப்பதை அளந்து காட்டியிருக்கிறார்கள். நடுக்கத்தை விளக்க அது உதவுகிறது. தூக்கக்கேட்டுக்கு வரும்போது பொதுவாகக் கையாளப்படுவது 1989-இல் வந்த பிட்ஸ்பர்க் வினாத்தாள். அதில் ஐந்துக்கு மேல் மதிப்பெண் வந்தால் தூக்கம் மோசம். மனச்சோர்வால் விழித்திருப்பவரும், சிறுநீருக்காக எழுபவரும், குறட்டையில் மூச்சுத் திணறுபவரும் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட கலவைக் குழுவின் சராசரிப் படத்தில் ஓரிடம் சுருங்கித் தெரிந்தால், அது எந்தத் தூக்கக்கேட்டின் தடம்?

மருந்தும் குறுக்கே நிற்கிறது. எசென்ஷியல் ட்ரெமருக்கு முதலில் தரப்படும் புரோபிரானலால் மூளைக்குள் செல்லக்கூடியது, மெலடோனின் சுரப்பைக் குறைப்பது, சிலருக்குக் கெட்ட கனவுகளையும் தருவது. இதைவிட நுட்பமான சிக்கல் கருவிக்குள்ளேயே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தலை சிறிது அசைந்தாலும் சாம்பற் பொருளின் அளவு குறைவாகக் கணக்காகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. தலை நடுங்குபவரும், இரவெல்லாம் விழித்துவிட்டு அமைதியின்றிப் படுத்திருப்பவரும் அதிகம் அசைவார்கள். அசைவின் அளவைச் சொல்லாமல் சுருக்கத்தை மட்டும் சொல்லும் கட்டுரையை என்னால் ஏற்க முடியவில்லை.

நாமக்கல் மாவட்டத்தின் நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் இப்படியொரு ஆய்வு நடத்தினால் ஒப்பீட்டுக் குழுவை மிகக் கவனமாகத் தேர வேண்டும். இங்கே லாரி ஓட்டியவரும், போர்வெல் வண்டியோடு வடநாடு சுற்றியவரும், இரவு ஷிப்டில் தறி ஓட்டியவரும் முதுமையில் கை நடுக்கத்தோடு வரலாம். அவர்களின் தூக்கம் நடுக்கத்துக்கு முன்பே குலைந்திருக்கும். மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் மருந்தடித்துப் பழகியவர்களும் உண்டு. பூச்சிமருந்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ கிடைக்கும் அலுவலக ஊழியரை இவர்களோடு ஒப்பிடுவது முறையாகாது. அதே தொழில் செய்த, நடுக்கமில்லாத, அண்டை வீட்டுக்காரர்தான் சரியான ஒப்பீடு.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும் 2022-இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் இதற்கு அருகிலேயே இருக்கின்றன. முதல் வேலைக்கு ஸ்கேன் தேவையில்லை. கனவில் செய்வதை உறக்கத்தில் உடலால் செய்கிறாரா என்ற ஒரே கேள்வி கொண்ட சோதனை, 2012-இல் மதிப்பிடப்பட்டபோது, கனவுறக்க நடத்தைக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 94 விழுக்காட்டினரை அடையாளம் காட்டியது. அதை நோயாளியிடம் மட்டுமல்லாமல் உடன் உறங்குபவரிடமும் கேட்க வேண்டும். ஆம் என்றால் ஓர் இரவு உறக்கப் பதிவு, பிறகு மூளைத்தண்டைக் குறிவைத்த படம். எசென்ஷியல் ட்ரெமர் என்று சீட்டில் எழுதப்பட்டவருக்கு அந்தப் பதிவிலும் கோளாறு உறுதியானால், அது பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால், படத்துக்கு அனுப்பும் முன்பே நோயின் பெயரை மறுபடி சோதிக்க வேண்டும்.