மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு சொல்: செப்டிசீமியா

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நம் வீட்டு அலுமாரிகளில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் மரண அத்தாட்சிப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால், மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் சிலவற்றில் செப்டிசீமியா அல்லது செப்சிஸ் என்று இருக்கும். ஊரில் கேட்டால் "இரத்தத்துல கிருமி கலந்துட்டாம்" என்பார்கள். சரிதான். பற்றீரியா இரத்தத்தில் இறங்கி, உடல் அதை எதிர்க்கும் வேகத்திலேயே சிறுநீரகம், நுரையீரல் என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலை அது. ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது? கால் புண்ணிலிருந்தா, நியுமோனியாவிலிருந்தா, சிறுநீர்ப் பாதையிலிருந்தா, பிரசவத்திலிருந்தா? அந்த ஒரு சொல்லில் இதற்கு விடை இல்லை. இதே கேள்வியோடு உலகம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது.

1840களில் வியன்னா பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் டொக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவிச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846இல் முதலாம் பிரிவில் 100 தாய்மாரில் 11 பேர் அளவில் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 100க்கு 3 பேர்கூட இல்லை. பிரசவக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் வரும் தனி நோய் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

1847 மார்ச்சில் அங்கிருந்த பேராசிரியர் கொலெட்ச்கா இறந்துபோனார். பிரேத பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவருடைய பிரேத பரிசோதனை அறிக்கையைப் படித்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டொக்டர், இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அதே மாற்றங்களை அதில் கண்டார். பிள்ளை பெறாத ஓர் ஆண், "பிரசவக் காய்ச்சலால்" இறந்திருக்கிறார்! அப்படியென்றால் நோய் ஒன்றுதான், அது உடலுக்குள் நுழைந்த வாசல்தான் வேறு. பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த டொக்டர்களின் கைகள்தான் அதைக் கொண்டு வந்தன. குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். 1848இல் முதலாம் பிரிவின் இறப்பு 100க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. கிருமிக் கொள்கை நிலைபெறும் முன்பே, பெயருக்குப் பின்னால் இருந்த காரணத்தை ஒருவர் தேடியதால் நடந்த காரியம் இது. (அல் ராசி பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்துத் தனி நூலே எழுதியதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம் அல்லவா? அவர் ஒன்றாகத் தெரிந்ததை இரண்டாகப் பிரித்தார். செம்மல்வைஸ் இரண்டாகத் தெரிந்ததை ஒன்றாக்கினார்.)

அடுத்து லண்டன். அங்கே 1837 முதல் மரணப் பதிவு நடந்தது. பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் புள்ளிவிபரங்களைப் பார்த்த வில்லியம் ஃபார், ஒரே நோயை டொக்டர்கள் மூன்று நான்கு பெயர்களில் எழுதுவதைக் கண்டு அலுத்துப்போனார். அளவைகள் ஒழுங்காக இல்லாமல் பௌதிகம் படிக்க முடியாதது போல, பெயர்கள் ஒழுங்காக இல்லாமல் மரணங்களை எண்ண முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

நம்மை அதிகம் யோசிக்க வைத்தது இதற்குப் பிந்திய ஒரு விடயம். பிரசவக் காய்ச்சல் தொற்று என்று தெரிந்த பிறகு, அந்தப் பெயரைச் சான்றிதழில் எழுதினால் பழி பிரசவம் பார்த்தவர் மேல் விழும். ஆகவே சில டொக்டர்கள் செப்டிசீமியா என்று மட்டும் எழுதி, பிரசவத்தைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தார்கள். எழுதியது பொய் அல்ல. ஆனால் அந்தத் தாய், பிரசவ மரணங்களின் கணக்கிலேயே வரமாட்டாள். அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் இப்படியான சான்றிதழ்களைப் பிரித்தெடுத்து, இந்த மரணத்துக்கும் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டா என்று டொக்டர்களுக்கே கடிதம் போட்டுக் கேட்டது.

1893இல் ஜாக் பெர்ட்டிலோன் என்ற பிரெஞ்சுப் புள்ளிவிபரவியலாளர் சிக்காகோ கூட்டத்தில் மரண காரணப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். 1900இல் பரிஸில் 26 நாடுகள் கூடி 179 காரணங்கள் கொண்ட பட்டியலை ஏற்றுக்கொண்டன. 1948இல் அது உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாவது பதிப்புத்தான் ஐசிடி 10. நமது அரச ஆஸ்பத்திரிகளிலிருந்து சுகாதார அமைச்சுக்குப் போகும் உள்நோயாளர் விபரங்கள் இந்தக் குறியீட்டில்தான் போகின்றன.

அதில் இரத்தத்தில் பரவும் பற்றீரியாத் தொற்றுக்கு ஏ40, ஏ41 என்ற குறியீடுகள். கிருமி ஸ்டெஃபைலோகொக்கஸ் ஓரியஸ் என்று தெரிந்தால் ஏ41.0. எந்தக் கிருமியென்று குறிப்பிடாவிட்டால் ஏ41.9. கிருமி தெரிய பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும், அதுவும் முடிந்தவரை அன்டிபயோட்டிக் ஏற்றும் முன்னரே. பிரசவத்தால் வந்த செப்சிஸ் ஏ வரிசையில் சேராது, அதற்கு ஓ85. பிறந்த குழந்தைக்கு பி36. லண்டன் அலுவலகம் கடிதம் போட்டுக் கேட்டதை இன்று குறியீடே கேட்கிறது.

டொக்டர் நிரப்பும் மரண காரணப் படிவத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிகள் இருக்கும். மேல் வரியில் கடைசியாக உயிரைப் பறித்தது, கீழே போகப் போக அதற்கு முந்தியது. நம் ஊர்களில் அடிக்கடி காணும் கதையையே எடுப்போம்: மேலே செப்சிஸ், அடுத்து காலில் அழுகிய புண், அதற்கும் கீழே நீரிழிவு. முறைப்படி எழுதினால் மரணம் நீரிழிவின் கணக்கில் சேரும். மேல் வரியோடு நிறுத்தினால் ஏ41.9. அப்போது அந்த ஊரில் சீனி வியாதி இன்னொரு உயிரை எடுத்தது எந்தக் கணக்கிலும் இருக்காது. கிளினிக் போதாது, கால் பராமரிப்புக்குத் தாதி வேண்டும் என்று கேட்கப் போனால் காட்டுவதற்கு நம்மிடம் இலக்கம் இருக்காது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அடிப்படைக் காரணத்தை மட்டும் எண்ணினால் செப்சிஸ் மறைந்துவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் சான்றிதழின் எல்லா வரிகளையும் சேர்த்துப் பார்த்து, 2017இல் மட்டும் உலகில் 4 கோடி 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடி 10 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். 2020இல் லான்செட் சஞ்சிகையில் அது வெளிவந்தது. உலகில் ஐந்து மரணங்களில் ஒன்று! ஆகவே மேல் வரியும் வேண்டும், கீழ் வரிகளும் வேண்டும்.

சான்றிதழின் ஒரு வரி என்னவெல்லாம் செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் கொவிட் மரணங்களுக்கு எரிப்பு கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து, 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை நாம் பட்டது போதும். அந்த நாட்களின் பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. டொக்டரிடம் விபரம் சொல்லத் தயக்கம், "சும்மா காய்ச்சல்" என்று முடித்துவிடும் அவசரம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது நீடித்தால் நட்டம் நம் ஊருக்குத்தான்.

1867 முதல் இந்த நாட்டில் மரணப் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் வபாத்தாகும் ஒருவருக்கு என்ன காரணம் எழுதப்படும் என்பது இன்றும் பெரும்பாலும் குடும்பத்தார் சொல்வதையும் கிராம சேவகரின் அறிக்கையையும் பொறுத்தது. பதிவாளர் டொக்டர் அல்ல. டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை வருடம் சீனி இருந்தது, புண் எப்போது வந்தது, பிரசவம் நடந்து எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள். பதிவு அநேகமாக அடக்கத்துக்குப் பிறகுதான் நடக்கும், ஆகவே இதனால் ஜனாஸா பிந்தப் போவதில்லை.