சூடு கண்ட பூனை

நம் மொழியில் பூனையும் பயமும் சேர்ந்து வரும் இடங்களை எண்ணிப் பார்த்தால், பயப்படுவது பெரும்பாலும் பூனையாக இருக்காது. குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் மாலை நேரத்து வேலியோரமாகக் காட்டுப்பூனைகளைக் கொண்டுவருகிறார். அங்கே பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூப்பிடுவது கோழி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கதையில் நடுங்குவது எலிகள். குறுக்கே போனால் நின்றுவிடுவது மனுஷன். பூனைக்கென்று ஒரு பயத்தை ஒதுக்கிக் கொடுத்தது, நான் கேட்டு வளர்ந்த வரையில், ஒரே ஒரு பழமொழிதான்: சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

அதையும் நாம் மனிதர்களுக்குத்தான் சொல்கிறோம். சீட்டுப் பணத்தை ஒரு தடவை இழந்தவர், ஒரு முறை கல்யாணப் பேச்சு முறிந்தவர் என்று என் பாட்டி இதைச் சொல்லாத ஆளே எங்கள் லயத்தில் கிடையாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் சிலர் இந்தப் பழமொழியை அப்படியே சோதனைச்சாலையில் செய்து பார்த்தார்கள். பூனைக்குச் சூடு வைத்தார்கள். பிறகு, அதை மறுபடியும் அடுப்பங்கரைக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் பூனையின் பயம் முக்கியமாக இருக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை உறுத்துகிற விஷயம்.

முதலில் டார்வின். 1872இல் வெளிவந்த, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய அவருடைய நூலில் நாயைக் கண்டு மிரண்ட ஒரு பூனையின் படம் இருக்கிறது. வுட் என்ற ஓவியர் நேரில் பார்த்து வரைந்தது. முதுகு வில்லாக வளைந்து, வால் மயிர் புடைத்து, வாய் திறந்து சீறுகிற பூனை. மயிர் சிலிர்ப்பதும் முதுகு வளைவதும் தன்னைப் பெரிதாகக் காட்டி எதிரியைப் பயமுறுத்தத்தான் என்று டார்வின் சொன்னார். அவர் பூனையை எதுவும் செய்யவில்லை. பார்த்தார், எழுதினார், அவ்வளவுதான். இந்த வரலாற்றில் அவரைத் தாண்டியதும் அப்படி வெறுமனே பார்க்கிறவர்கள் திரும்பக் கிடைக்க ரொம்ப காலம் ஆனது.

அடுத்தவர் வால்டர் கேனன். 1896இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் முதலாண்டு மாணவர், வயது 25. (என்னைவிடச் சின்னவர் என்று தெரிந்ததும் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.) எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்தால் இரைப்பை எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும். உயிருள்ள விலங்கின் வயிற்றுக்குள் சோறு என்ன ஆகிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம். கேனனுக்கு வேண்டியது ஜீரணம். அதற்கு அவருக்குக் கிடைத்த விலங்கு பூனை.

பூனை அவருக்குத் தொல்லை கொடுத்தது. அமைதியாகப் படுத்திருந்த பூனைகளின் இரைப்பையில் அலை அலையாக அசைவு போய்க்கொண்டிருந்தது. முரண்டு பிடித்து உதறிய பூனைகளில் அந்த அசைவு நின்றுவிட்டது. தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தினால் கொஞ்ச நேரத்தில் அலை திரும்பி வந்தது. ஜீரணத்தை அளக்க வந்தவருக்கு இது கழிக்கவேண்டிய பிழை. எந்த அளவீட்டிலும் இப்படி ஒரு இரைச்சல் வரும். எங்களைப் போன்ற எஞ்சினியர்கள் வடிகட்டிப் போட்டு அதைத் தூக்கிவிடுவோம். கேனன் தூக்கவில்லை, 1898 கட்டுரையிலேயே குறித்து வைத்தார். பிறகு ஏறக்குறைய பத்து வருடம் கழித்து அந்த இரைச்சலையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். அந்தக் கதிர்கள் அவர் தோலையும் பிற்காலத்தில் பதம் பார்த்தன என்பது வேறு கதை.

1911இல் அவரும் டி லா பாஸும் செய்த சோதனையைக் கருவி என்று பார்த்தால் அழகு என்று சொல்லலாம். பூனை பார்த்தால் அப்படிச் சொல்லாது. கட்டி வைத்த பூனை அமைதியாக இருக்கும்போது கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் ஒரு நாயைக் குரைக்க விட்டு, மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். அப்போது அட்ரினலினை நேரடியாக அளக்கிற மீட்டர் எதுவும் கிடையாது. அதனால் குடல் தசையின் ஒரு சின்னத் துண்டைத் திரவத்தில் தொங்கவிட்டார்கள். அது தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அமைதியான ரத்தத்தில் போட்டால் சுருக்கம் நிற்கவில்லை. பயந்த ரத்தத்தில் போட்டதும் தளர்ந்துவிட்டது. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட பூனையை நாய் என்ன குரைத்தாலும் ரத்தத்தில் அந்த மாற்றம் இல்லை. ஆக, பயத்தில் ரத்தத்துக்குள் வந்து விழுவது எது என்று தெரிந்துவிட்டது.

இதிலிருந்து 1915இல் ஒரு புத்தகம் வந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிற ‘எதிர்த்து நில், இல்லை ஓடு’ என்ற கருத்துக்கு மூலம் அதுதான். உடம்பு சோறு செரிக்கும் வேலையை நிறுத்தி, சர்க்கரையை ரத்தத்தில் இறக்கி, தசைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. செம்பனை ஆலையில் பொய்லர் ‘ட்ரிப்’ ஆகும்போது தேவையில்லாத எல்லாம் ஒரே நேரத்தில் நிற்குமே, கிட்டத்தட்ட அது மாதிரி. இரண்டு வருடத்தில் கேனன் பிரான்ஸ் போர்முனையில் இருந்தார், காயம்பட்ட சிப்பாய்களின் அதிர்ச்சி நிலையை ஆராய. 

ஆனால் கேனன் விட்டுச்சென்ற ஒரு விஷயம் பூனை வளர்ப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். பயத்துக்கும் கோபத்துக்கும் உடம்பின் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றேதான் என்றார் அவர். சீறுகிற பூனையை நம் ஆட்கள் எப்படிப் படிக்கிறார்கள்? “திமிரு புடிச்ச பூனை.” “சோறு போட்ட கையையே கீறுது பாரு.” பயம் என்று யாரும் சொல்வதில்லை. ஜெர்மானிய ஆய்வாளர் பவுல் லைஹவுசன் 1950களில் பூனை முகங்களைக் கட்டம் போட்டு வரைந்தார். ஒரு பக்கம் தாக்கும் எண்ணம் ஏற ஏற முகம் எப்படி மாறுகிறது, இன்னொரு பக்கம் தற்காப்பு ஏற ஏற எப்படி மாறுகிறது என்று. காது பக்கவாட்டில் மடங்கி மண்டையோடு ஒட்டிப்போனால் தற்காப்பு, அதாவது பயம். டார்வின் காட்டிய முதுகு வளைந்த பூனை இரண்டும் கலந்தது: பின்வாங்க நினைக்கிறது, ஆனால் விடவும் மனசில்லை. டார்வினுக்குப் பிறகு பூனையைப் பூனைக்காகவே உட்கார்ந்து பார்த்தவர் இவர் என்று நான் நினைக்கிறேன்.

நடுவில் சூரிச்சில் ஹெஸ் பூனையின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பி செருகி, நாயே இல்லாமல் நாயைக் கண்ட பயத்தை வரவழைத்தார். 1949இல் நோபல் பரிசு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

நான் நிற்க விரும்புவது ஜோசப் வோல்ப்பிடம். தென்னாப்பிரிக்கர். இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவர். போரில் மனம் கலங்கிய சிப்பாய்களுக்கு மருந்து ஊசி போட்டு, அரை மயக்கத்தில் பேசவைத்து, உள்ளே கிடப்பதைக் கொட்டச் செய்வது அன்றைய வைத்தியம். கொட்டினார்கள், ஆனால் குணமானது நிலைக்கவில்லை. போர் முடிந்து ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில், 1947-48இல், அவர் பூனைகளை எடுத்துக்கொண்டார். சிக்காகோவில் மாசர்மேன் ஏற்கெனவே, பூனை சாப்பிடப் போகும் நேரத்தில் முகத்தில் காற்றைப் பீய்ச்சி அடித்துப் பயத்தை உண்டாக்கியிருந்தார். வோல்ப் கூண்டில் வைத்து, ஒரு சத்தம் எழுப்பி, மின் அதிர்ச்சி கொடுத்தார்.

சூடு கண்ட பூனை தயார். பழமொழி சொன்னது அப்படியே நடந்தது. அந்தக் கூண்டுக்குள் பூனைகள் சாப்பிடவில்லை. நாள்கணக்கில் பட்டினி போட்டுவிட்டு இறைச்சித் துண்டை வைத்தாலும் தொடவில்லை. அதிர்ச்சி கொடுப்பதை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆன பிறகும் கண்மணி விரிந்து, உடம்பு ஒடுங்கி, நடுங்கின. அதோடு, பயம் கூண்டோடு நிற்கவில்லை. கூண்டு இருந்த அறைக்கும் பரவியது. அந்த அறையைப் போலிருந்த இன்னொரு அறைக்கும் பரவியது, ஆனால் கொஞ்சம் குறைவாக. அவ்வளவாகப் போலில்லாத அறையில் இன்னும் குறைவு.

வோல்ப் பிடித்துக்கொண்டது இந்தக் ‘கொஞ்சம் குறைவாக’ என்பதைத்தான். பயம் மிகக் குறைவாக இருந்த அறையில் சாப்பாடு வைத்தார். பூனை தயங்கித் தயங்கித் தின்றது. சில முறைக்குப் பிறகு அங்கே பயம் போய்விட்டது. அடுத்து, இன்னும் கொஞ்சம் அந்த அறையைப் போலிருந்த அறை. அப்படியே படிப்படியாக, கடைசியில் அதே கூண்டுக்குள் பூனை போய்ச் சாப்பிட்டது. 1958இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் அடிப்படை இதுதான். உயரத்துக்கும் ஊசிக்கும் விமானத்துக்கும் பயப்படுகிறவர்களைப் படிப்படியாகப் பழக்குகிற மனநல சிகிச்சை இங்கேயிருந்துதான் வளர்ந்தது. பூனை கற்றுக்கொடுத்ததை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பல பத்தாண்டு கழித்து, செல்லப்பிராணி வைத்தியர்கள் அதே முறையைப் பூனைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்தில் எங்கள் பூனை கேஸ் தோம்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மறுநாளும் வரவில்லை. துடைப்பக்கட்டையால் தள்ளி வெளியே எடுக்கலாம் என்றபோது பாட்டி, “விடுய்யா, அதை நோண்டாத. அதா வரும்” என்றார். நெத்திலிக் கருவாட்டோடு பிசைந்த சோற்றைத் தோம்பு ஓரத்தில் வைத்தார். அடுத்த வேளை ஒரு முழம் தள்ளி, அதற்கடுத்த வேளை வாசற்படி ஓரம். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டு ஓய்ந்தவர். ஜோகன்னஸ்பர்க் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டால் சிரித்திருப்பார். அவர் யாருக்கும் சூடு வைக்காமலே அதைத் தெரிந்துவைத்திருந்தார். அதற்காகச் சோதனைச்சாலை வேண்டாத வேலை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பாட்டியின் கைப்பழக்கத்தால் பாட்டியின் பூனை மட்டும்தான் தேறியது. வோல்ப் எழுதிவைத்ததால் உலகம் முழுக்கப் பலர் லிப்டில் ஏறுகிறார்கள். அந்தக் கணக்கில் பூனையின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1960 மார்ச்சில், எலித் தொல்லையைத் தீர்க்க, பிரிட்டிஷ் விமானப்படை சிங்கப்பூரிலிருந்து பறந்து போய், சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியில் பூனைகளைக் கூடையில் வைத்துப் பாரசூட்டில் இறக்கியது. இருபது சொச்சம் பூனைகள். பின்னால் கதை ஊதி ஊதி 14,000 வரை போனது. டிடிடி மருந்து, எலி, இயற்கைச் சமநிலை என்று எவ்வளவோ விதமாக இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். கூடைக்குள் இருந்ததன் பக்கமிருந்து சொல்லி நான் பார்த்ததில்லை.

சூடே காணாத பூனையும் பயப்படும். இது தெரிய 1980கள் வரை ஆனது. பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஐலீன் கார்ஷ், குட்டிகளை வெவ்வேறு வாரங்களில் கையிலெடுத்துப் பழக்கிப் பார்த்தார். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதக் கை பட்ட குட்டி மனிதரிடம் ஒட்டுகிறது. அந்தக் காலத்தைத் தவறவிட்டால் பிறகு கஷ்டம். தகப்பன் பூனையின் சுபாவமும் குட்டிக்கு இறங்குகிறது என்று 1995இல் சாண்ட்ரா மெக்கியூன் காட்டினார், அந்தத் தகப்பனைக் குட்டி கண்ணால் பார்க்காவிட்டாலும்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் இதைச் சொன்னால் உடனே புரியும். ஆற்றோர ஜெட்டியில் மீன் இறங்குகிற இடத்தில் பூனைக்குப் பஞ்சமில்லை. பலகைக்கு அடியில் பிறந்து, யார் கையும் படாமல், மூன்று மாதத்துக்குப் பிறகு ‘அழகா இருக்கே’ என்று யாராவது தூக்கிக்கொண்டு போகிற குட்டிகள்தான் பாதி. ஒரு வாரத்தில் பிள்ளையைக் கீறிவிடும். அரிசிச் சாக்கில் கட்டி, மோட்டரில் கொண்டுபோய்ப் பசாரிலோ செம்பனைக் காட்டிலோ விட்டுவிடுவார்கள். கேட்டால், “காட்டுத்தனமா இருக்கு, வேலைக்காகாது.”

போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒன்றைச் சாக்கில் போட இருந்தார். இரண்டு வாரம் பொறுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளிய ஒரு பெட்டி கொடுத்து, ஒன்பதுக்குக் கொடுக்காமல் பார்த்திருக்கிறார்கள், 2014இல் வெளியான ஆய்வு. பெட்டி இருந்தவை சில நாளிலேயே தணிந்துவிட்டன. மற்றவைக்குக் கூடுதல் நாள் ஆனது. அக்காவிடம் நெதர்லாந்தையெல்லாம் சொல்லவில்லை. “ஒரு அட்டைப்பெட்டி குடுங்கக்கா, பிள்ளைங்கள அதுகிட்ட போக விடாதீங்க” என்றேன். மைலோ பெட்டி ஒன்று கொடுத்தார். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, பழைய கைலியை விரித்து, மாடிப்படிக்கு அடியில் வைத்தோம். மூன்று நாள் ராத்திரியில் மட்டும் சோறு குறைந்திருந்தது. ஆறாம் நாள் பகலில் தலை தெரிந்தது. காது நேராக இருந்தது.

அக்கா கீழே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். “பாத்துக்கிட்டே இருக்காதீங்கக்கா, அதுக்குப் பிடிக்காது” என்றேன். “நான் எங்க பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, செவுளை எடுத்துப் படிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகப் போட்டார்.