நாற்று வந்தது, நிறுவனம் வரவில்லை: இரத்தோட்டையில் தொழில்நுட்பக் கைமாற்றத்தின் பாதை

மாத்தளையிலிருந்து றிவஸ்டனுக்கு ஏறும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது இரத்தோட்டை. மிளகு, சாதிக்காய், கராம்பு, கொக்கோ ஆகியவை இங்குள்ள கிராமத்து வீட்டுத்தோட்டங்களின் ரொக்கப் பயிர்கள். மேட்டுநிலத் தோட்டங்களின் லயங்களில் மலையகத் தமிழர் வாழ்கின்றனர். ஆய்வு நிறுவனங்களிலிருந்து இந்தப் பிரதேசத்துக்குத் தொழில்நுட்பம் இறங்கிவரத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. ஒவ்வொரு காலத்திலும் வந்துசேர்ந்தது ஒரு நாற்று, ஒரு கொடி அல்லது ஓர் இயந்திரம். அதைக்கொண்டு ஒரு தொழிலை நிலைநிறுத்துவதற்கான ஏற்பாடு கூடவே வரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் பேராதனைத் தாவரவியல் தோட்டம். 1821-இல் நிறுவப்பட்ட அத்தோட்டம், 1869-இல் இலங்கையில் கோப்பி இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் தோட்டத் துரைமாருக்கு மாற்றுப் பயிர்களைத் தேடிக் கொடுக்கும் இடமாயிற்று. அதன் பணிப்பாளர் த்வெயிட்ஸின் காலத்தில் சின்கோனாவும் கொக்கோவும் பரவின. மாத்தளை கொக்கோ மாவட்டமானது இவ்வழியில்தான். துரைமாருக்கு நாற்று மட்டும் போதுமானதாக இருந்தது. லண்டன் மூலதனம், கொழும்பு முகவர் நிறுவனங்கள், 1880-இல் மாத்தளைவரை வந்துவிட்ட ரயில், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பு என மற்றவையெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. பின்னாளில் அரசு சிறு விவசாயிக்கு உதவ முன்வந்தபோது, இந்த ஏற்பாட்டிலிருந்து நாற்றை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தது.

1972-இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கெனத் தனித் திணைக்களம் உருவாயிற்று. பின்னர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப் பெயர் மாறிய அதன் தலைமையகம் பேராதனையிலும் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலும் உள்ளன. இரத்தோட்டை விவசாயிக்கு ஆய்வுகூடம் அடுத்த ஊரில் இருந்தது என்று சொல்லலாம். பயிர்ச்செய்கைக்கு மானியம் கிடைத்தது. கேரளத்தின் பன்னியூரில் உருவான கலப்பின மிளகும் மலேசியாவின் குச்சிங் வகையும் உள்ளூர்க் கொடிகளோடு சேர்ந்தன. பின்னர் திணைக்களமே டிங்கிரால, கொஹுகும்புரே ரால, பூட்டாவே ரால என்ற கலப்பினங்களை வெளியிட்டது. 1818, 1848 கிளர்ச்சிகளின் தலைவர்களை நினைவூட்டும் பெயர்கள்! 1848 கிளர்ச்சி நடந்த மாத்தளை மண்ணில் அவை மிளகுக் கொடிகளாகப் படர்வது ஆய்வாளனுக்குச் சற்றே புன்னகை வரவழைக்கும் செய்தி.

தாவர ஆய்வு வென்றது என்பதில் ஐயமில்லை. பறித்த பிறகு நடப்பதில்தான் சிக்கல். பணத்தேவையும் திருட்டுப் பயமும் சேர்ந்து, முற்றாத மிளகையே பறிக்க வைக்கின்றன. காய்ந்தபின் அது பாரமற்ற, உள்ளீடு குறைந்த மிளகாகிறது. கறுப்பு மிளகாக நோக்கினால் அது தரம் குறைந்தது. ஆனால் எண்ணெயும் ஓலியோரெசின் என்ற பிசின் சாறும் பிரித்தெடுப்போருக்கு அதுதான் வேண்டும்; அதிலும் இலங்கை மிளகு, காரச்சத்தான பைப்பரினின் செறிவுக்குப் பெயர்பெற்றது. ஆகவே அது கப்பலேறி இந்தியா செல்கிறது. பிரித்தெடுத்த சாற்றின் கூடுதல் பெறுமதி அங்கேயே தங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் ஓர் ஆண்டு ஒப்பீடு கருதத்தக்கது. சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கான திணைக்களம் தோன்றிய அதே 1972-இல் கேரளத்தின் கோலஞ்சேரியில் சிந்தைட் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அது இன்று உலகின் முன்னணி ஓலியோரெசின் உற்பத்தியாளர்களுள் ஒன்று. இந்தியாவில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை, தம் செய்முறைகளைத் தொழிற்சாலைகளுக்கு உரிமம் கொடுத்து மாற்றும் வழக்கத்தைக் கொண்டிருந்தன. இலங்கையில் அறிவுக்குப் பஞ்சம் இருந்ததென்று சொல்ல முடியாது. 1955-இல் தோன்றிய இலங்கை விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகத்தில் ஆர்.ஓ.பி. விஜேசேகர போன்றோர் கறுவா முதலியவற்றின் எண்ணெய்களை ஆராய்ந்தனர். இத்துறைக்கு ஐ.நா. கைத்தொழில் அபிவிருத்தி அமைப்புக்காக வழிகாட்டி நூலும் எழுதினார் அவர். ஆனால் அந்த ஆய்வுகூடம் இருந்தது கொழும்பில், மிளகு காய்ந்தது இரத்தோட்டையில். நடுவில் இருந்தவர் தரகர் ஒருவரே.

மூலப்பொருளை மட்டும் விற்பதன் விலை 2017 டிசம்பரில் தெரிந்தது. தன் விவசாயிகளைக் காக்க இந்தியா, இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்ற அடிமட்ட விலையை விதித்தது. புதுடில்லியில் எடுத்த ஒரு முடிவு இலங்கையின் மிளகுக் கடைகளில் உணரப்பட்டது.

இடைவெளியை நிரப்ப அரசு முயலாமல் இல்லை. 1969-இல் கைத்தொழில் அபிவிருத்திச் சபை, 1974-இல் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், 1979-இல் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை என நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்தன. கடைசியாகச் சொன்ன சபை 1981-இல் தொடங்கிய ஏற்றுமதி உற்பத்திக் கிராமத் திட்டம், என் மதிப்பீட்டில், தொழில் வளர்காப்பகத்துக்கு (incubator) மிக அருகில் வந்த முயற்சி. கிராமத்தவரைப் பங்குதாரராக்கி ஒரு கம்பனியை அமைத்து, கொள்வனவாளரோடு அதை நேரே இணைக்க அது விரும்பியது. 2004-க்குப் பின் அமைச்சர் திஸ்ஸ விதாரணவின் காலத்தில் விதாதா வள நிலையங்கள் பிரதேச செயலகங்கள்தோறும் வந்தன. கிராமத்துக்குத் தொழில்நுட்பம் என்ற நோக்கம் நல்லது. நடைமுறையில் அது பெரும்பாலும் பயிற்சி வகுப்பு, செய்முறை விளக்கம், சான்றிதழ் என்ற எல்லைக்குள் நின்றது.

வளர்காப்பகம் செய்வது வேறு வேலை. அமெரிக்காவின் பட்டேவியா நகரில் 1959-இல், மூடிய தொழிற்சாலைக் கட்டடத்தைப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டதிலிருந்து அது தொடங்கியது. 1986-இல் திருச்சியில் மண்டலப் பொறியியல் கல்லூரியோடு இணைந்து தொடங்கிய தொழில்முனைவோர் பூங்காவும் இதே தர்க்கத்தில் இயங்கியது. புதிய தொழில் தடுமாறும் முதல் ஆண்டுகளில் இடமும் பொதுக் கருவியும் சோதனை வசதியும் வங்கித் தொடர்பும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. இலங்கையில் உலக வங்கியின் உதவியோடு பல்கலைக்கழகங்களில் வளர்ந்த வர்த்தகத் தொடர்புப் பிரிவுகள் இதை ஓரளவு எட்டின. ஆயினும் அவற்றின் வாசல் பேராசிரியருக்கும் மாணவருக்கும் திறந்த அளவுக்கு ஊர்க்காரருக்குத் திறக்கவில்லை. கொழும்பின் தனியார் வளர்காப்பகங்களோ பெரிதும் மென்பொருளோடு நிற்கின்றன.

மிளகுத்தூளைப் பொதிசெய்து விற்க விரும்பும் ஒருவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் தரநிர்ணயக் கட்டளைகள் நிறுவகத்திடமும் தனித்தனியே போகவேண்டும். மாதிரியைச் சோதிக்கக் கொழும்புக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். ஒரு மூடை மிளகின் இலாபம் இந்த அலைச்சலைத் தாங்காது.

இதில் தமிழருக்கு இன்னொரு தடை உண்டு. பயிர்ச்செய்கை மானியத்துக்குக் காணி வேண்டும். 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் கைமாறிய தோட்டங்களின் லயத்தில் வாழ்ந்தவருக்கு அது கிடைக்கவில்லை. அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் தரப்பட்டது. மிளகு பயிரிட அது போதாது. ஆனால் மிளகை வாங்கி, கொதிநீரில் நனைத்து, உலர்த்தி, தரம்பிரித்து, பொதிசெய்ய விளைநிலம் தேவையே இல்லை. இரத்தோட்டையில் ஓர் உலர்த்தியும் ஈரப்பதமானியும் பொதியிடும் இயந்திரமும் கொண்ட பொதுக் கொட்டகை அமைந்து, நாள் வாடகைக்கு எவரும் பயன்படுத்தலாம் என்றால், காணி உறுதி கேட்காத அரச உதவியாக அது இருக்கும்.