கலைந்த படையும் கொள்ளுக் கணக்கும்: மைசூர் வீரர்களின் மறுவாழ்வு, 1799–1831

மைசூர் அரண்மனைக்குத் தெற்கே இருக்கும் பகுதிக்கு அக்ரஹாரம் என்று பெயர். பிராமணக் குடும்பங்கள் கவலையின்றி வாழ மனையும் நிலமும் தானமாகக் கொடுத்து, பிள்ளை பேரன் வரை அனுபவிக்கலாம் என்று எழுதிவைத்த குடியிருப்பைக் குறிக்கும் சொல் அது. அக்ரஹாரம் கொடுத்த அரசுகள் படைவீரனுக்கும் நிலம் கொடுத்தன. ஆனால் ஊழியம் நின்றால் நிலத்தின் மேல் அவனுக்கிருந்த பிடியும் தளர்ந்தது. போர் முடிந்த வீரன் குடும்பஸ்தனாக நிலைகொள்வதில் மைசூர் கண்ட சிக்கலுக்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அவன் மனம் பட்ட பாட்டை அக்கால ஏடுகளில் தேடினால் அதிகம் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் சம்பளப் பாக்கிதான். அதை வைத்தே அவன் வீட்டைப் படிக்க வேண்டியிருக்கிறது.

1799 மே 4 அன்று மைசூரின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதை ஆண்ட திப்பு சுல்தான் மாண்டார். மேல்மட்டத்தாருக்கு வழி பிறந்தது. தளபதி கமருதீன் கானுக்குக் குர்ரம்கொண்டா ஜாகீர், பெரிய அதிகாரிகளுக்கு ஓய்வூதியம், திப்புவின் மகன்களான இளவரசர்களுக்கு வேலூர்க் கோட்டை. சாதாரணச் சிப்பாய்க்கும் சவாரிக்கும் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

திப்புவின் குதிரைப்படையில் ஒரு பகுதி சில்லேதார் முறையில் இயங்கியது. குதிரையும் ஆயுதமும் வீரனுடையவை. ஆளுக்கும் குதிரைக்கும் சேர்த்து ஒரே சம்பளம். போரில் குதிரை செத்தால் கடன் வாங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். முடியாதவன் அடுத்தவன் குதிரையில் ஏறும் கூலிச் சவாரியாக, ‘பார்கீர்’ ஆக, இறங்கிப்போவான். ஆக, படை கலைந்த அன்று சில்லேதார் வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை. தின்றுகொண்டே இருக்கும் ஒரு ஜீவனையும் கூட்டிக்கொண்டு திரும்பினான். அடுப்பில் ஏற வேண்டிய கொள்ளும் தொட்டியில் விழ வேண்டிய கொள்ளும் ஒரே மூட்டையிலிருந்துதான் வர வேண்டும். குதிரையை விற்றால் பிழைப்பே போயிற்று; வைத்துக்கொண்டால் பிள்ளைகள் பட்டினி. இந்த இக்கட்டில் இருந்தவனை, குதிரையோடு வா என்று யார் அழைத்தாலும் அவன் போயிருப்பான்.

தோண்டியா வாக் அழைத்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலிருந்து கோட்டை விழுந்த குழப்பத்தில் வெளியே வந்த அவன், பிதனூர்ப் பக்கம் போய், வேலையிழந்த சவாரிகளைத் திரட்டி, ஈருலகுக்கும் அரசன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். ஆங்கிலேய ஆவணங்கள் அவனைக் கொள்ளைக்காரன் என்கின்றன. பிற்காலத்தார் சிலர் விடுதலை வீரன் என்கிறார்கள். எந்தப் பட்டத்தைக் கொடுத்தாலும், அவன் படை கலைக்கப்பட்ட சம்பளக்காரர்களின் படை என்பது மாறாது. ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி மாதக்கணக்கில் துரத்தி, 1800 செப்டம்பர் 10 அன்று கோனகல்லில் நான்கு குதிரைப்படைப் பிரிவுகளோடு தானே முன்நின்று பாய்ந்து அவனைக் கொன்றார். அவன் மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவே சலாபத் கான் என்ற சிறுவன் கிடைத்தான், தோண்டியாவின் மகன். வெல்லெஸ்லி அவனைத் தன் கூடாரத்துக்குக் கொண்டுபோய் வளர்க்கும் பொறுப்பை ஏற்றார்.

திப்புவுக்குப் பின் மைசூரை நிர்வகித்த திவான் பூர்ணய்யா இதிலிருந்து பாடம் படித்தவர். திப்புவிடமே வேலை பார்த்த அவருக்கு, சம்பளமில்லாத சவாரி என்ன செய்வான் என்பது அத்துப்படி. பழைய குதிரைக்காரர்களைத் தேர்ந்து புதிய சில்லேதார் படையில் சேர்த்தார். காலாட்களைக் கந்தாசார் என்ற ஊர்க்காவலில் அமர்த்தினார். கந்தாசார் ஆள் பாதி நேரம் உழவன், பாதி நேரம் காவலன். ஊதியத்தில் ஒரு பங்கு நிலமாக வரும். மறுவாழ்வு என்ற சொல் அப்போது கிடையாது. அமைதி கெடக் கூடாது என்ற அச்சம்தான் நோக்கம். ஆனாலும் வீரனை அவன் ஊரிலேயே, அவன் வயலுக்கு அருகிலேயே இருத்தியதால், பின்வந்த பல திட்டங்களைவிட இதுவே வீட்டுக்கு நெருக்கமானது என்பேன். 1803இல் அசாயே களத்தில் வெல்லெஸ்லியோடு நின்ற படைகளில் மைசூர்க் குதிரையும் உண்டு. நான்கே ஆண்டுகளில் பகைவன் பட்டாளத்தான் ஆகிவிட்டான்.

எல்லாரும் இந்த வலைக்குள் வரவில்லை. இளவரசர்களைத் தொடர்ந்து மைசூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலூரில் குடியேறினார்கள். சிலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்திலேயே சேர்ந்தார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குக் கம்பெனி திணித்த புதுத் தலைப்பாகையை மட்டும் காரணம் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். வேலூர்ப் பேட்டையில் எத்தனை பழைய திப்பு வீரர்கள் வேலையின்றி உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனியோடு செய்த 1807 ஒப்பந்தம் மைசூர் 4,000 குதிரைகளை வைத்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பூர்ணய்யா விலகிய பிறகு, மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் நேரடியாக ஆண்ட காலத்தில் படையின் சம்பளம் பின்தங்கியது. 1831இல் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது சொன்ன காரணங்களில் அந்தப் பாக்கியும் ஒன்று. பிறகு வந்த ஆணையர்கள் படையைக் குறைத்தார்கள். 1892இல் மைசூர் லான்சர் படை எழுந்து, 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் ஈட்டியோடு பாய்ந்து, 1953இல் 61ஆம் குதிரைப்படைக்குள் கரைந்தது தனிக் கதை. டெல்லி தீன்மூர்த்தியில் அதற்குச் சிலை நிற்கிறது. சில்லேதாருக்குச் சிலை இல்லை.

சலாபத் கான் வளர்ந்து ஆளானான். வெல்லெஸ்லி இந்தியாவை விட்டுப் புறப்படும்போது அவன் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார். அந்த இளைஞன் போய்ச் சேர்ந்தது மைசூர் ராஜாவின் ஊழியத்தில். 1822இல் வாந்திபேதியில் இறந்தான்.